நான்காம் குரல்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "பாடற்குழுவில் நிற்பவர்கள் 11 பேர்தானே ஐயா? வாட்ஸப்பில் நீங்கள் அனுப்பிய பாட்டில் 30 பேருக்கு மேல் பாடுவதுபோல் கேட்கிறதே! மற்றவர்கள் யார்?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து, "தேவதூதர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் என்னை உறுத்தியது. வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மையல்ல. அந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். 11 பேரும் தத்தம் பகுதியை மூன்று முறை பாடினார்கள். அதனால் 33 குரல்கள். மந்தைவெளியில் நம்முடைய சபைத் தம்பி ஒருவரின் வீட்டு மாடி அறையே நமது ஒலிப்பதிவுக் கூடம். அங்கே மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைப்பார். துணிகள் நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து அதன் முன் பாடுகிறவரை நிறுத்துவார். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். சித்திரை மாதத்தில் அந்த அறையில் நின்று பாடுவது தனிவகை உபவாசம். கீரைக்காரர் தெருவில் கூவினால் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

ஏன் மூன்று முறை பாட வேண்டும், ஒருமுறை பாடியதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் செய்தே காட்டினார். ஒரே பதிவை நகலெடுத்து அதன்மேல் வைத்தால் சத்தம் கூடுகிறதே தவிர, ஆள் கூடுவதில்லை. நகலைச் சற்றே நகர்த்தி வைத்தாலோ, தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. அதே மனிதர் மறுபடியும் பாடும்போது மட்டும் மூச்சு கொஞ்சம் முந்துகிறது, ஒரு சுரம் மயிரிழை தாழ்கிறது, ஒரு சொல் சற்றே நீள்கிறது. அந்தச் சிறு பிசகுகளால்தான் நம் காது 'இவர் வேறொருவர்' என்று எண்ணுகிறது. பாடற்குழுவின் ஒலி என்று நாம் மகிழ்வது, பலர் ஒன்றாகப் பாட முயன்று மயிரிழையில் தவறுகிற ஒலியைத்தான். இதைக் கேட்டபோது சபைக் கமிட்டிக் கூட்டங்கள் சில என் நினைவுக்கு வந்தன என்பதை மறைக்கப்போவதில்லை.

இவ்வேலையில் அவருக்குத் தமிழும் ஒரு சோதனையாம். 'க்க', 'ட்ட', 'த்த' என்று வல்லினம் இரட்டிக்கும் இடங்களில் 33 பேரும் ஒரே கணத்தில் நாவைத் தட்டமாட்டார்கள். கூரைமேல் கற்கள் உருண்டதுபோல் கேட்கும். ஆகவே பின்னணிக் குரல்களில் பலவற்றின் வல்லினத்தை மழுக்கிவிட்டு, முதன்மைக் குரலில் மட்டும் தெளிவாக விடுகிறார். 'ம்' என்று முடியும் சொற்கள் அவருக்கு விருந்து. அந்த மெல்லின முடிவில் நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன.

இந்த அடுக்கும் வித்தை புதிதன்று. அமெரிக்காவில் லெஸ் பால் என்னும் கித்தார் கலைஞர் தம் மனைவி மேரி ஃபோர்டின் ஒரே குரலை வீட்டிலிருந்தபடியே அடுக்கடுக்காகப் பதிந்து, 1951இல் ஒரு நாட்டையே வியக்க வைத்தார். பீட்டில்ஸ் பாடகர்கள் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை பாடிச் சலித்தபோது, லண்டன் ஏபி ரோடு கூடத்தில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் 1966இல் நாடாவைக் கொண்டே இரண்டாம் குரலை உண்டாக்கும் வழியைக் கண்டார். நம் ஊருக்கு வருவோம். தி. நகரிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் கோடம்பாக்கம். ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்தில்தான் 1992இல் வந்த 'ரோஜா'வின் இசை உருவானது. நான் அப்போது வாலிபன். பெரிய அரங்கும் நூறு கலைஞர்களும் இல்லாமல், வீட்டோடு சேர்ந்த ஓர் அறையிலிருந்து அப்படியொரு ஒலி வரக்கூடும் என்பதை எங்கள் தலைமுறை அன்றுதான் அறிந்தது. இன்று மந்தைவெளி மாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, அந்த வழியில் வந்தவர்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. பாடியவர்கள் நம்மவர்கள், மூன்று முறை பாடினார்கள். என் உறுத்தல் 2020ஆம் ஆண்டைப் பற்றியது.

உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஏப்ரல் 12 ஈஸ்டர். ஆலயக் கதவு பூட்டிக் கிடந்தது. கல்லறை திறந்த நாளில் ஆலயம் மூடியிருக்கிறதே என்று நீங்கள் பலர் தொலைபேசியில் அழுதீர்கள். ஒரு பாமாலையாவது நான்கு பகுதிகளோடு உங்கள் வீடுகளுக்கு வந்து சேர வேண்டும் என்று நான் விரும்பினேன். தம்பி பியானோவை வாசித்து அனுப்பினார். பாடற்குழுவினர் ஒரு கைப்பேசியில் அதைக் காதுக்குள் கேட்டபடி, மற்றொரு கைப்பேசியில் பாடி அனுப்பினார்கள். சொப்ரானோ வந்தது, ஆல்டோ வந்தது, டெனர் தம்பியே பாடினார். பாஸ் வரவில்லை.

நமது பாஸ் யார் என்று மூத்த அங்கத்தினர் அறிவீர்கள். நாற்பது ஆண்டுகளாகப் பாடற்குழுவின் பின்வரிசையில் தூணோரம் நின்றவர். பாளையங்கோட்டையில் சிறுவனாக இருந்தபோதே சோல்ஃபா கற்றவர். ஜான் கர்வன் என்னும் ஆங்கிலேயப் போதகர், ஏழைகளும் பிள்ளைகளும் இசையை வாசிக்க வேண்டும் என்று, சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்ததைத் தழுவி 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. ஐந்து கோடுகள் வேண்டாம். டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்துகளே போதும். திருநெல்வேலிச் சபைகளில் கணக்கற்ற எளிய மக்கள் நான்கு பகுதிகளாகப் பாடக் கற்றது அதனால்தான். நானும் அந்தப் பக்கத்தவனானதால் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்பேன். அவர் அடையாற்றில் தனியே வசித்தார். அப்போது அவருக்கு வயது 74. அவரிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி; அதில் இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது.

தம்பி என்னைக் கூப்பிட்டு, "ஐயா, என் டெனரையே எடுத்து மென்பொருளில் கீழே இறக்கி ஒரு பாஸ் உண்டாக்கட்டுமா?" என்று கேட்டார். அது எப்படி என்றேன். குரலின் சுருதியை மாத்திரம் இறக்கினால் பூதம் பேசுவதுபோல் இருக்குமாம். தொண்டையும் வாயும் குரலுக்குத் தருகிற வடிவத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சுருதியை மட்டும் நகர்த்த வேண்டுமாம். பாட்டின் ஸ்கேலையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் மூன்றாம் சுரத்தைச் சேர்க்கச் சொன்னால், 'ச'வுக்கு மேல் நான்கு அரைச்சுரம், 'ரி'க்கு மேல் மூன்று என்று இடத்துக்கு இடம் அளவு மாறும். இதெல்லாம் எனக்குப் பாதி விளங்கியது. "செய்யுங்கள் தம்பி, யாருக்குத் தெரியப்போகிறது" என்றேன்.

அன்பானவர்களே, இந்தச் சொல்லைத்தான் நான் உங்கள் முன் அறிக்கையிடுகிறேன். அண்ணாச்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருக்கலாம். "உங்களால் பதிவு செய்ய முடியாதே, என்ன செய்யலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வாரம் நான் நூறு வீடுகளுக்குப் பேசினேன். அவரோடும் பேசினேன், மருந்து இருக்கிறதா, பால் வருகிறதா என்று கேட்டேன். பாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று மாலை அவர் அழைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கைப்பேசியில் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது.

"பாட்டு நல்லா இருந்துச்சு ஐயா. பாஸ் யாரு பாடுனா?"

"கம்ப்யூட்டர், அண்ணாச்சி."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணாவது வரியில தப்பா இருக்கு ஐயா. அங்க பாஸ் இறங்காது. ஸோவுல நிக்கும். மத்த மூணு பேரும் நடமாடுவாங்க, பாஸ் நிக்கும். அது நின்னாத்தான் அவங்க நடக்க முடியும்."

பாமாலைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மென்பொருள் டெனரின் பாதையையே தொடர்ந்தது. அவர் ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. நிழல் அதைத்தானே செய்யும்? தனக்கென்று ஒரு பாதை அதற்கு இல்லை. நான்கு பகுதி இசையை எழுதியவர்களோ ஒவ்வொரு குரலுக்கும் வேறு வழியைத் தந்திருந்தார்கள்: ஒருவர் மேலே போகையில் ஒருவர் கீழே வரவும், ஒருவர் அசையாமல் காத்திருக்கவும்.

இதே குறை நம் கீர்த்தனைகளில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலம் முதல் நாம் ராகத்தில் பாடுகிற சபை. மோகனத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைக் கணினியிடம் கொடுத்து மேலே ஒரு குரல் சேர்க்கச் சொன்னால், 'ரி'க்கு மேல் அது 'ம'வைத் தேடும், 'ப'வுக்கு மேல் 'நி'யைத் தேடும். இரண்டும் மோகனத்தில் இல்லை. ராகத்தைக் கெடுத்தால்தான் ஒத்திசை கிடைக்கும். அல்லது ஒரு மனிதர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கமகத்தையோ அது பிழை என்றே எண்ணித் 'திருத்தி' நேராக்கிவிடும். சுருதி திருத்தும் 'ஆட்டோ டியூன்' என்ற மென்பொருளை 1997இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடும் பணியில் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். நிலத்தடி எண்ணெயைக் காட்டிய கணிதம் பாடகரின் சுருதியையும் காட்டியது. அற்புதமான மூளைதான். ஆனால் பொதுவாக அந்த மென்பொருள் அறிந்தது ஸ்தாயிக்கு 12 கட்டங்கள். நம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ 1917இல் வந்த 'கருணாமிர்த சாகரம்' நூலில் 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டவர். அவரிடம் இந்த மென்பொருளைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் எண்ணிச் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் அன்று அண்ணாச்சியின் குரலில் இருந்தது இசைக் குற்றச்சாட்டு மட்டுமன்று என்பதை அறிய எனக்கு இறையியல் பட்டம் தேவைப்படவில்லை. நாற்பது வருடம் ஓரிடத்தில் நின்றவருக்கு, அவர் இல்லாமலே அவ்விடம் நிரம்பியிருக்கிறது. அவருடைய ஆயரும் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லியிருக்கிறார். பின்பு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஐயா" என்றார். காபி போட்டுக் கொடுத்தார். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

2021 ஆகமன காலத்தில், தம்பி அவரை மந்தைவெளி அறைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு மாடி. படிக்கட்டில் மூன்று இடங்களில் உட்கார்ந்து ஏறினார். காதொலிக்கருவியை மாட்டியதும், "என் குரல் எனக்கே வேற மாதிரி கேக்குதே" என்று கழற்றிவிட்டார். பிறகு ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பாடினார். நாற்காலி கொடுத்தோம், உட்கார மறுத்தார். ஐந்து பாமாலைகளின் பாஸ் பகுதியை அன்று பதிந்தோம். பியானோவின் நடு டோவுக்கு ஒன்றரை ஸ்தாயிக்குக் கீழே அவர் இறங்கியபோது பீரோவின் கண்ணாடி அதிர்ந்து பதிவில் விழுந்துவிட்டது. தம்பி அதை நீக்கவில்லை. அந்தப் பதிவை உற்றுக் கேட்டால் இப்போதும் கேட்கும்.

2023 லெந்து காலத்தில் கர்த்தர் அவரைத் தம்மண்டை அழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில் ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் உதவியால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். ஹமீது மறைந்தது 1997இல். இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, அவர்களுக்கு உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டு மறைந்த பவதாரிணியின் குரலும் அவ்வாறே ஒரு படத்தில் ஒலித்தது. இசைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. இவற்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தமக்கையின் குரலைக் கேட்க ஏங்கும் ஒரு தம்பியின் இடத்தில் நின்று பேச எனக்குத் தகுதி இல்லை. முன்கூட்டி அனுமதி கேட்கப்பட்டது என்பதை மட்டும் கவனித்தேன்; நான் செய்யாத காரியம் அது.

நம் தம்பியும் அச்செய்தியை வாசித்தார். "ஐயா, அண்ணாச்சியின் ஐந்து பாட்டும், மூன்று மூன்று பதிவுகளாக, தனிக் குரலாக என்னிடம் இருக்கின்றன. அதைக்கொண்டு அவர் குரலைப் பழக்கலாம். இந்த ஈஸ்டருக்கு அவரே பாஸ் பாடுவார்" என்றார். அவர் கண்களில் நீர் இருந்தது. என் உள்ளம் உடனே 'ஆம்' என்றது என்பதையும் நான் ஒளிக்கவில்லை. 2020இல் விட்ட இடத்தை இப்போது நிரப்பிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். யாருக்காக அந்த ஆசை என்று இப்போது கேட்டால், பெரும்பாலும் எனக்காகத்தான்.

இம்முறை கேட்டேன். வெளியூரில் இருக்கும் அவர் மகளை அழைத்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டார். தன் மகன் தாத்தாவின் குரலைக் கேட்க மிகவும் விரும்புவதாகவும், தனக்கு மனம் ஒருநிலைப்படவில்லை என்றும் சொன்னார். மூன்றாம் நாள் அவரே அழைத்தார்: "அப்பா பாடுன பாட்டை எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்க ஐயா. பாடாத பாட்டை அவர் வாயில வைக்க வேண்டாம். மூணாவது வரியில தப்பு வந்தா, அவர் போன் பண்ணிச் சொல்ல முடியாதே."

அந்த ஈஸ்டரில் நாம் மூன்று பகுதிகளில் பாடினோம். சிலர் என்னிடம் வந்து, 'ஏதோ குறைகிறதே' என்றார்கள். ஆம், குறைந்தது.

இரண்டாம் நாளாகமத்தில் சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களும் அவர்கள் குமாரரும், பூரிகைகளோடு 120 ஆசாரியர்களும், அத்தனை பேரும் சேர்ந்து எழுப்பியது ஒரே சத்தமாய்க் கேட்டது என்றும், அப்போது ஆலயம் மேகத்தினால் நிறைந்தது என்றும் வாசிக்கிறோம். அந்த 'ஒரே சத்தம்' என்பதை ஒற்றுமை என்றே நான் விளக்கி வந்தேன். இப்போது அங்கே எழுதப்பட்டுள்ள எண்ணையும் பெயர்களையும் கவனிக்கிறேன். ஒன்றாய்க் கேட்டதை எழுதியவர், யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதி வைத்தார்.

ஆகவே சகோதரியின் கேள்விக்கு என் முழுப் பதில் இது: அந்தப் பாட்டில் 11 பேர் மூன்று முறை பாடினார்கள். முதன்மைக் குரலில் இரண்டு இடங்களில் சுருதி மென்பொருளால் திருத்தப்பட்டது; பாடியவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, அவர் சம்மதித்தார். இனி நான் அனுப்பும் ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர்கள் பெயரையும், இயந்திரம் செய்தது என்ன என்பதையும் எழுதுவேன்.

பாஸ் பாடியவர் யார் என்று நீங்கள் கேட்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நம் சபைப் பிள்ளை ஒருவன். குரல் உடைந்து அதிக நாளாகவில்லை. சோல்ஃபா தெரியாது. தம்பி அவனுக்கு அண்ணாச்சியின் பதிவுகளைக் கொடுத்திருக்கிறார். பேருந்தில் பள்ளிக்குப் போகும்போது அவற்றைக் கேட்டுக்கொண்டே போகிறான். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குப் பயிற்சி. சென்ற வாரம் ஈஸ்டர் பாமாலையை எடுத்தோம். அண்ணாச்சியின் ஐந்தில் அது இல்லை. மூன்றாவது வரி வந்ததும் பையன் டெனரோடு சேர்ந்து கீழே இறங்கினான். தம்பி பியானோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பின்வரிசையில், தூணோரம், அவன் பக்கத்தில் நின்றேன்.

"இங்கே இறங்கக் கூடாது கண்ணா," என்றேன். "ஸோவில் நில்."